லாட்டின் பேனாவுக்கு வழிகாட்டியவர்கள்

நாளிதழைப் புரட்டும்போது ஒரு கேலிச்சித்திரம் கண்ணில் படுகிறது. அதிலுள்ள மனிதர்களின் மூக்கு மூன்று வளைவுகளாக உப்பியிருக்கிறது. சிறுவன் ஒருவனின் தலைமுடி சீப்பைப் பார்த்தறியாதது போலச் சிலிர்த்து நிற்கிறது. பின்னணியில் ஒரு மரவீடு, வேலியில் உலரும் துணி, குறுக்கே ஓடும் கோழி. ஓவியரின் கையொப்பத்தைத் தேடவேண்டிய தேவையே இல்லை. மலேசியர் எவரும், “இது லாட் வரைந்தது,” என்று சொல்லிவிடுவர்.

இப்படிக் கண்டவுடன் அடையாளம் காணக்கூடிய தனித்தன்மை ஓர் ஓவியருக்கு எங்கிருந்து வருகிறது? பிறவியிலேயே வந்துவிடுகிறதா? அல்லது பிறரிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுகிறதா? பிறரிடமிருந்து கற்றது என்றால், அது எப்படித் தனித்தன்மை ஆகும்? டத்தோ லாட் அவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும். அவருடைய கோடுகளுக்குப் பின்னால் வேறு பல ஓவியர்களின் கோடுகள் இருக்கின்றன. ஆனால், அவர் அவற்றில் எதையும் அப்படியே திருப்பி வரையவில்லை.

கம்பத்துச் சிறுவன்

லாட்டின் இயற்பெயர் முகமட் நோர் காலிட். அவர் 1951ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் பேராக் மாநிலத்துக் கம்பம் ஒன்றில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் அவருடைய முகம் உருண்டையாக இருந்ததால் ‘புலாட்’ என்று அழைக்கப்பட்டார். மலாய் மொழியில் அச்சொல்லுக்கு ‘வட்டம்’ என்று பொருள். நண்பர்கள் அதைச் சுருக்கி ‘லாட்’ என்றனர். செல்லப்பெயராக வந்தது பின்னாளில் உலகறிந்த பெயராக நிலைத்துவிட்டது.

லாட்டின் தந்தை அரசாங்க எழுத்தர், இராணுவத்தில் பணியாற்றியவர். வேடிக்கையாகப் பேசிப் பிறரைச் சிரிக்கவைப்பதில் கம்பத்தில் பெயர் பெற்றவர். நகைச்சுவை உணர்வு லாட்டுக்கு முதலில் வீட்டிலிருந்தே கிடைத்தது. கைத்திறனைக் கண்டுகொண்டவர்களில் பள்ளி ஆசிரியை திருமதி ஹியூ குறிப்பிடத்தக்கவர். பாடத்தை விளக்கும் படங்களை வகுப்பில் வரையும் வேலையை அவர் அடிக்கடி லாட்டிடம் ஒப்படைத்தார். படம் வரைவது விளையாட்டு மட்டுமன்று. பிறருக்குப் பயன்படும் செயலும்கூட என்பதை அச்சிறுவன் அங்கே உணர்ந்திருக்க வேண்டும். அந்த ஆசிரியையே பின்னாளில் லாட்டின் சித்திரங்களில் ஒரு கதாபாத்திரமாக இடம்பெற்றார்.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பார்கள். ஒன்பது வயதிலேயே லாட் சித்திரக்கதைகளை வரைந்து நண்பர்களுக்கு விற்கத் தொடங்கினார். ஆயினும், முளைத்தது பயிராக வளர நீரும் உரமும் வேண்டும் அல்லவா? அவற்றைத் தந்தவர்கள் யார்?

கடல் கடந்து வந்த சித்திரக்கதைகள்

அக்காலத்தில் மலாயாவில் வளர்ந்த பிள்ளைகளின் கைகளில் பிரிட்டிஷ் சித்திரக்கதை இதழ்கள் புழங்கின. அவற்றுள் ‘தி டேண்டி’, ‘தி பீனோ’ ஆகிய இரண்டும் புகழ்பெற்றவை. ஸ்காட்லாந்தின் டன்டீ நகரிலிருந்து முறையே 1937, 1938ஆம் ஆண்டுகளில் வெளிவரத் தொடங்கியவை அவை. குறும்புக்காரச் சிறுவர்கள், அவர்களைப் பிடிக்க முடியாமல் மூச்சு வாங்கும் பெரியவர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஏதேனும் ஒரு கலாட்டா என்று அவ்விதழ்கள் பிள்ளைகளைக் கட்டிப்போட்டன.

சிறுவன் லாட்டும் அவற்றை விரும்பிப் படித்தார். ஒரு கதையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது, ஓடுவதையும் விழுவதையும் அசையாத தாளில் காட்டுவது, சொல்லே இல்லாமல் சிரிப்பை வரவழைப்பது ஆகிய நுட்பங்களை அத்தகைய இதழ்களிலிருந்து எந்தச் சிறுவனும் கற்றுக்கொள்ளலாம். இது கலையின் அரிச்சுவடி.

ஆனால், இதில் ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது. அவ்விதழ்களில் வரும் தெருக்கள் நம் தெருக்கள் அல்ல. அங்கே பனி பெய்யும். வீடுகளில் புகைபோக்கி இருக்கும். சிறுவர்கள் கம்பளிச் சட்டை அணிந்திருப்பர். அவற்றை மட்டுமே பார்த்து வரையும் மலாயாச் சிறுவன், தான் கண்டிராத பனியை வரையப் பழகிவிடலாம். தான் நாள்தோறும் குளிக்கும் ஆற்றை வரைய மறந்துவிடலாம். வரையத் தெரிந்தும் எதை வரைவது என்று தெரியாமல் போவது ஓர் ஓவியனுக்குப் பெரிய இழப்பு. லாட்டை அந்த இழப்பிலிருந்து காத்தவர்கள் உள்ளூர் ஓவியர்கள் இருவர்.

ஆசையை மூட்டிய ராஜா ஹம்சா

முதலாமவர் ராஜா ஹம்சா. 1950ஆம் ஆண்டுகளில் மலாய் வாசகர்களிடையே பெரும் புகழ் பெற்றிருந்தவர். வாளேந்திய வீரர்களின் சாகசக் கதைகளையும் பேய்க் கதைகளையும் வரைந்தார். அவரைத் தம்முடைய நாயகராகவே லாட் கருதினார். வீரக் கதைகளை நம் மண்ணின் மனிதர்களை வைத்தே வரைய முடியும் என்பதற்கு ராஜா ஹம்சாவின் படைப்புகள் சான்றாக விளங்கின. ‘நானும் ஓவியன் ஆகவேண்டும்’ என்ற ஆசை லாட்டின் மனத்தில் வேரூன்றியது இவரால்தான்.

ராஜா ஹம்சா வீரக் கதைகளோடு நின்றுவிடவில்லை. மாட் ஜம்புல் என்பவரின் குடும்பத்தை மையமாகக் கொண்ட சித்திரத் தொடரையும் அவர் வரைந்தார். கணவன் மனைவி வாக்குவாதம், பிள்ளைகளின் சேட்டை, அண்டை வீட்டாரின் வம்பு போன்ற அன்றாட நிகழ்வுகளும் கதையாகும் என்பதை இத்தகைய குடும்பச் சித்திரங்கள் லாட்டுக்குக் காட்டின.

அந்த விதை விரைவில் முளைவிட்டது. 1968ஆம் ஆண்டு, பதினேழு வயது மாணவராக இருந்தபோதே, லாட் ‘பெரித்தா மிங்கு’ ஞாயிறு இதழில் ‘கெலுவார்கா சி மாமாட்’ என்ற தொடரைத் தொடங்கினார். ‘மாமாட்டின் குடும்பம்’ என்பது அத்தலைப்பின் பொருள். கதைத் தலைவனுக்கு அவர் வைத்தது தம் தம்பியுடைய பெயர். அத்தொடர் 26 ஆண்டுகள் வாரந்தோறும் வெளிவந்தது.

கடிதம் எழுதிய ஆசான்

இரண்டாமவர் ரெஜாப் ஹாட். வாசகர்கள் அவரை ‘ரெஜாப்ஹாட்’ என்று ஒரே சொல்லாக அழைத்தனர். மலாய்க் கேலிச்சித்திரக்காரர்களின் ‘பெங்ஹுலு’, அதாவது தலைவர், என்ற சிறப்பும் அவருக்கு உண்டு. ராஜா ஹம்சாவை லாட் தொலைவிலிருந்து வியந்து பார்த்தார் என்றால், ரெஜாப்ஹாட் அவருக்குக் கைப்பிடித்து வழிகாட்டிய ஆசானாக அமைந்தார்.

அவர்களுடைய வகுப்பறை அஞ்சல்வழியே நடந்தது. லாட்டுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோதே இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து தொடங்கியது. இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம், நாடறிந்த ஓவியர். மறுபக்கம், பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சிறுவன். அன்று மின்னஞ்சல் இல்லை, கைப்பேசி இல்லை. கடிதம் எழுதி, உறையிலிட்டு, அஞ்சல்தலை ஒட்டி அனுப்பவேண்டும். அறிமுகமில்லாத சிறுவனின் கடிதத்தை அந்த ஓவியர் பொருட்படுத்தாமல் ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. பதில் எழுதினார்; தொடர்ந்து வழிகாட்டினார்.

தம் படங்களை யாரேனும் ஒருவர் மதித்துப் பார்க்கிறார் என்ற நம்பிக்கை வளரும் கலைஞனுக்கு மிகப் பெரிய பலம். அந்த நம்பிக்கை பெற்ற அதே வயதில் லாட்டின் படைப்புகள் அச்சேறத் தொடங்கின. 1964ஆம் ஆண்டு, திரைப்பட இதழ் ஒன்று அவருடைய சித்திரங்களை வெளியிட்டு, ஊதியமாகத் திரைப்பட நுழைவுச்சீட்டுகளைத் தந்தது. அதே ஆண்டில் ‘தீகா செக்காவான்’ என்ற அவருடைய முதல் சித்திரக்கதை நூல் வெளிவந்தது. மூன்று நண்பர்கள் சேர்ந்து திருடர்களைப் பிடிக்கும் கதை அது. அனுப்பியவர் ஒரு பெரியவர் என்று எண்ணிய பதிப்பகத்தார் அவருக்கு 25 வெள்ளி கொடுத்தனர்.

வெளிநாட்டு இதழ்கள் லாட்டுக்கு வரையும் முறையைக் கற்றுத் தந்தன. ராஜா ஹம்சாவும் ரெஜாப்ஹாட்டும் பார்க்கும் திசையை மாற்றினர். தொலைதூர நாட்டின் தெருக்களை நோக்கியிருந்த கண்கள் சொந்தக் கம்பத்தின் பக்கம் திரும்பின.

செய்தியாளரின் கண்கள்

1970ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்த லாட், நாளிதழ் ஓவியராகும் கனவோடு கோலாலம்பூருக்குச் சென்றார். ஓவியர் பணியிடம் காலியாக இல்லை. குற்றச் செய்திகளைத் திரட்டும் செய்தியாளர் வேலைதான் கிடைத்தது. குடும்பத்திற்கு வருமானம் தேவைப்பட்டதால் அதை ஏற்றுக்கொண்டார்.

கனவு கைநழுவியது போலத் தோன்றினாலும், அவ்வேலை வேறொரு விதத்தில் உதவியது. குற்றச் செய்தியாளர் காவல் நிலையம், நீதிமன்றம், மருத்துவமனை என்று நகரெங்கும் அலையவேண்டும். பல இனத்தாரையும் பல நிலையினரையும் சந்திக்கவேண்டும். அவர்கள் நிற்கும் விதம், பேசும்போது அசையும் கைகள், கோபத்திலும் அச்சத்திலும் மாறும் முகம் ஆகியவற்றை லாட் உற்றுநோக்கினார். பிற்காலத்தில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், சீக்கியர் என எல்லா இனத்தாரையும் அவர் உயிரோட்டத்துடன் வரைந்தமைக்கு இப்பயிற்சியும் ஒரு காரணமாகும்.

செய்தியாளராக இருந்தபோதும் அவர் வரைவதை விடவில்லை. 1974ஆம் ஆண்டு, ஹாங்காங்கிலிருந்து வெளிவந்த ‘ஏசியா மேகசின்’ இதழில் மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கைப் பற்றிய அவருடைய சித்திரங்கள் இடம்பெற்றன. அவை ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ நாளிதழின் ஆசிரியரைக் கவர்ந்தன. காத்திருந்த வாய்ப்பு கதவைத் தட்டியது. லாட் அந்நாளிதழின் கேலிச்சித்திர ஓவியரானார்.

லண்டனில் நான்கு மாதங்கள்

அவருடைய திறமையை மெருகூட்ட விரும்பிய நிறுவனம், லண்டனிலுள்ள செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளிக்கு அவரை நான்கு மாதங்கள் அனுப்பியது. அங்கே அவர் பிரிட்டிஷ் நாளிதழ்களின் கேலிச்சித்திரங்களை நெருங்கி ஆராய்ந்தார். மூவருடைய படைப்புகள் அவரை ஈர்த்தன.

ஃபிராங்க் டிக்கன்ஸ் என்பவர் ‘பிரிஸ்டோ’ என்ற தொடரை வரைந்தவர். பெரிய அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் சாதாரண எழுத்தர் ஒருவரின் அன்றாடப் பாடுகளே அதன் கரு. ரால்ஃப் ஸ்டெட்மேன் மையைத் தெளித்தும் சிதறவிட்டும் வரைபவர்; அவருடைய கோடுகள் கட்டுக்கடங்காத காற்றைப் போலப் பாயும். ஜெரால்ட் ஸ்கார்ஃப், அரசியல் தலைவர்களின் உருவத்தை இழுத்தும் வளைத்தும் மிகைப்படுத்திக் காட்டுவதில் வல்லவர்.

கோடு நேராகவும் ஒழுங்காகவும் இருந்தால்தான் ஓவியம் அழகாகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இம்மூவரின் படைப்புகள் அந்த எண்ணத்தை உடைப்பவை. கோடு துள்ளலாம், நடுங்கலாம், எல்லை மீறலாம். சொல்லவந்த உணர்வு படிப்பவரைச் சேர்ந்தால் போதும். இந்தத் துணிச்சலை லாட் எடுத்துக்கொண்டார்.

அதே வேளையில், ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கார்ஃபின் கேலி கத்தியைப் போலக் கூர்மையானது. சில வேளைகளில் காயப்படுத்துவது. பல இனத்தார் சேர்ந்து வாழும் நம் நாட்டில் லாட் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். அவர் பிரதமர்களையும் அமைச்சர்களையும் வரைந்தார். பொதுமக்களின் சின்னச் சின்னக் குறைகளையும் வரைந்தார். ஆனால், கேலிக்குள்ளானவரே பார்த்துச் சிரிக்கும்படி வரைந்தார். நாடு திரும்பிய பின்னர் ‘மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்’ என்ற பொருளுடைய தலைப்பில் வெளிவந்த அவருடைய நாளிதழ்ச் சித்திரங்கள் மக்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன.

பலர் ஊற்றிய நீரில் ஒரு மரம்

இத்தனை தாக்கங்களும் ஒன்றுகூடிப் பழுத்த கனிதான் 1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி கம்போங் பாய்’ என்ற நூல். ‘கம்பத்துச் சிறுவன்’ என்பது அதன் பொருள். ஒரு சிறுவன் பிறந்தது முதல் படிப்பிற்காகக் கம்பத்தை விட்டு நகரத்திற்குச் செல்வது வரையிலான கதை அது. ஆற்றில் குளியல், குர்ஆன் வகுப்பு, நண்பர்களோடு ஈய மணல் அரித்தல், கண்டிப்பும் அன்பும் நிறைந்த தந்தை ஆகிய காட்சிகள் கறுப்பு மையில் விரிகின்றன. ஈயம் தோண்டும் பெரிய மிதவை இயந்திரமும் அதில் இடம்பெறுகிறது.

நாம் முன்னர் கண்ட ஒவ்வொருவரின் சாயலையும் இந்நூலில் தேடிப் பார்க்கலாம். குறும்புக்காரச் சிறுவர்களின் ஓட்டத்தில் ‘தி பீனோ’வின் வேகம் தெரிகிறது. குடும்பக் காட்சிகளில் ராஜா ஹம்சாவின் நினைவு எழுகிறது. கம்பத்து மக்கள்மீதுள்ள பாசத்தில் ரெஜாப்ஹாட் காட்டிய வழி புலப்படுகிறது. துள்ளும் கோடுகளில் லண்டனில் கண்ட துணிச்சல் இருக்கிறது. ஆனால், எந்தப் பக்கத்தையும் சுட்டி, “இது அவரைப் பார்த்து வரைந்தது,” என்று சொல்ல முடியாது. காரணம், அந்த ஆறும் அந்த வீடும் அந்தத் தந்தையும் லாட்டுக்கு மட்டுமே சொந்தமானவை.

தாக்கத்திற்கும் நகலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நகல் எடுப்பவர் பிறர் கண்டதைத் திரும்ப வரைகிறார். தாக்கம் பெற்றவர் பிறரிடம் பார்க்கக் கற்றுக்கொண்டு, தாம் கண்டதை வரைகிறார்.

இந்நூல் பிரெஞ்சு, ஜப்பானியம் முதலிய மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் வெளிவந்தது. ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற புகழ்பெற்ற கேலிச்சித்திரத் தொடரை உருவாக்கிய மெட் குரோனிங் இதனை வெகுவாகப் பாராட்டியுள்ளார். சொந்தக் கம்பத்தை உண்மையாக வரைந்ததால் அது உலகத்திற்கே புரிந்தது.

இன்னொரு சான்று

இது லாட்டின் வாழ்வில் மட்டும் நிகழ்ந்ததா? இல்லை. இந்தியாவின் புகழ்பெற்ற கேலிச்சித்திர ஓவியர் ஆர்.கே.லட்சுமணின் வாழ்விலும் இதே போன்ற கதை உண்டு. 1921ஆம் ஆண்டு மைசூரில் பிறந்த அவர், சிறுவயதில் ‘தி இந்து’ நாளிதழில் அவ்வப்போது வெளிவந்த டேவிட் லோ என்பவரின் சித்திரங்களைக் கண்டு மயங்கினார். ஓவியரின் கையொப்பத்திலிருந்த ஆங்கில எழுத்தைத் தவறாகப் படித்து, அவர் பெயர் ‘கௌ’, அதாவது ‘பசு’, என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தாராம்!

பெயரைத் தவறாகப் படித்தாலும், சித்திரங்களைச் சரியாகப் படித்தார். அதோடு, தம் வீட்டுச் சன்னலுக்கு வெளியே தெரிந்த காகங்களையும் பல்லிகளையும் மரக்கிளைகளையும் வரைந்து பழகினார். பின்னாளில், கட்டம் போட்ட மேற்சட்டையும் வேட்டியும் அணிந்து, ஒன்றும் பேசாமல் நாட்டு நடப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் ‘சாமானிய மனிதர்’ அவருடைய பேனாவிலிருந்து பிறந்தார். டேவிட் லோ லண்டனில் வரைந்தவர். சாமானிய மனிதரோ இந்தியத் தெருக்களில் மட்டுமே பிறக்கக்கூடியவர்.

நம் கையில் உள்ள பேனா

மாணவர்களே, உங்களுள் சிலர் ஜப்பானிய மங்கா ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகலாம். வேறு சிலருக்கு இணையத்தில் காணும் ஓவியர்கள் வழிகாட்டியாக இருக்கலாம். அதில் தவறில்லை. பிறரைப் பார்த்து வரைவது கைக்கு நல்ல பயிற்சி. ஆயினும், விரும்பும் ஓவியரின் படத்தை முன்னால் வைத்திருக்கும்போது, ‘இவர் எதை வரைந்திருக்கிறார்?’ என்பதோடு நில்லாமல், ‘இதை இவர் எப்படிக் கவனித்தார்?’ என்றும் கேளுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு, உங்களைச் சுற்றிலும் பாருங்கள்.

ஒட்டுக்கடையில் தே தாரேக்கை உயரத் தூக்கி ஆற்றும் அண்ணன், இரவுச் சந்தையில் விலை பேசும் அத்தை, கோயில் திருவிழாவில் தூக்கம் தாங்காமல் தாத்தாவின் தோளில் சாய்ந்திருக்கும் குழந்தை, மழைக்குப் பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் ஒரே குடைக்குள் நெருக்கியடிக்கும் நண்பர்கள் ஆகியோரை எந்த வெளிநாட்டு ஓவியரும் உங்களைப் போல அறிந்திருக்க முடியாது. ரப்பர் தோட்டங்களும் அவற்றின் வரிசை வீடுகளும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. தாத்தா பாட்டி வாழ்ந்த அந்த வாழ்க்கையை யாரேனும் வரைந்து வைத்தால்தான் அடுத்த தலைமுறை அதைக் காணும். லாட் தம் கம்பத்தை வரையாதிருந்தால், இன்று நாம் அதை எங்கே காண்போம்?

ரெஜாப்ஹாட் 2002ஆம் ஆண்டு காலமானார். ஆனால், ஒரு சிறுவனுக்கு அவர் அனுப்பிய கடிதங்களின் பயன் இன்னும் தொடர்கிறது. லாட்டைப் பார்த்து வளர்ந்த மலேசிய ஓவியர்கள் பலர் இன்று வரைந்துகொண்டிருக்கின்றனர். கலை இப்படித்தான் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. உங்களிடம் ஒரு தம்பியோ தங்கையோ தாம் வரைந்த படத்தை நீட்டி, “நல்லா இருக்கா?” என்று கேட்டால், கையில் உள்ள வேலையைச் சற்று நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள்.